ரிச்சா, லீனா? சென்னை வெயிலில் மிக்ஸ்சர் கணக்கு

க்ரூஸ் உயரத்துக்கு, அதாவது நேராகப் பறந்துபோகும் உயரத்துக்கு வந்ததும், இன்ஜினுக்குள் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்பு மிக்ஸ்சர் குமிழை எங்கே நிறுத்துவது? சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் இதில் இரண்டு கட்சி. குமிழை இழுக்க இழுக்க எரிபொருள் குறையும்; எக்ஸாஸ்ட் (புகை) வெப்பம் ஏறி ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். உச்சத்துக்கு முன்பே நிறுத்தி, எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாக விடுவது ரிச். உச்சத்தையும் தாண்டிக் குறைப்பது லீன். ஆறு சிலிண்டர் கான்டினென்டல் ஐ.ஓ.-550 இன்ஜினில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, நான் லீன் பக்கம் வந்துவிட்டேன்.

ரிச்சின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் அளவு முன்னால் நிறுத்தினால் முழு சக்தி கிடைக்கும், வேகமும் கூடும். கார்புரேட்டர் இன்ஜின் என்றால் பெரும்பாலும் ரிச்தான். சிலிண்டர்களுக்குப் போய்ச் சேரும் கலவை ஒன்றுபோல இருக்காது என்பதால், லீனுக்குப் போனதும் ஏதாவது ஒன்று திணறி இன்ஜின் உதறும். இன்ஜெக்டர்கள் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் இன்ஜினில்தான் லீன் சரிப்படும்.

லீன் என்றதும் எல்லோரும் பேசுவது எரிபொருள் மிச்சம். ரிச்சில் மணிக்கு 65 லிட்டர் குடிக்கும் இன்ஜின் லீனில் 50 லிட்டருக்குப் பக்கத்தில் வரும். பத்து நாட் வரை வேகம் குறையும். சிறு விமானங்களுக்கான பெட்ரோலான அவ்காஸ் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காத நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் என்னை மாற்றியது அது இல்லை, சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) வெப்பம்.

இவை காற்றால் குளிரும் இன்ஜின்கள். மே மாதம் மீனம்பாக்கத்தில் 38 டிகிரி அடித்தால், கடல் மட்டத்தை ஒட்டிய அந்த ஓடுபாதையில் காற்று 2,700 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்திருக்கும். குளிர்விக்க வேண்டிய காற்றே சூடு, அதுவும் குறைவு. இந்த நிலையில் பலர் ‘நடுவாக இருக்கட்டும்’ என்று உச்சத்துக்கு 25, 30 டிகிரி முன்னால் நிறுத்துகிறார்கள். சிலிண்டர் ஹெட் அதிகம் சூடாவது சரியாக அந்த இடத்தில்தான்.

லீன் கலவை மெதுவாக எரியும். பிஸ்டன் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிய பிறகே அழுத்தம் உச்சத்துக்கு வரும், அந்த உச்சமும் குறைவு. ‘லீனில் ஓட்டினால் வால்வு கருகும்’ என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்சத்துக்கு 30 டிகிரி அந்தப் பக்கம் இருந்தாலும் இந்தப் பக்கம் இருந்தாலும் எக்ஸாஸ்ட் வெப்பம் ஒன்றேதான்; ஹெட் மட்டும் லீனில் நன்றாகக் குளிர்ந்திருக்கும். நான் பறக்கும் விமானத்தில் ரிச்சில் 200 டிகிரியை ஒட்டி நிற்கும் ஹெட் வெப்பக் கோடுகள், லீனுக்குப் போன சில நிமிடத்தில் 180-க்குக் கீழே இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். கான்டினென்டல் வைத்திருக்கும் எல்லை 238 டிகிரி. அது எல்லைதான், அங்கேயே குடியிருக்கச் சொன்னதில்லை. சூடு ஏற ஏற அலுமினியம் வலுவிழக்கும். இன்ஜினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்கு முன்பே ஒரு சிலிண்டரைக் கழற்ற நேர்ந்தால், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை விமானம் ஹேங்கரில் நிற்கும். மிச்சம் பிடித்த எரிபொருளைவிடப் பல மடங்கு கையைக் கடிக்கும் செலவு அது.

கூடவே இரண்டு லாபம். அவ்காஸில் ஈயம் இருப்பதால் ரிச்சில் ஸ்பார்க் பிளக்குகளில் படியும் அழுக்கு லீனில் குறைவு. கார்பன் மோனாக்சைடும் வெகுவாகக் குறையும்; எக்ஸாஸ்டில் விரிசல் விட்டு கேபினுக்குள் கசிந்தால் அந்த வித்தியாசம் உயிரைக் காக்கலாம்.

செய்யும் முறை முக்கியம். சக்தியை 65 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, உச்சத்தருகே தயங்கி நிற்காமல் குமிழை ஒரே இழுப்பில் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இன்ஜின் உதறினால் கொஞ்சம் திருப்பி ரிச் ஆக்கலாம். விமானக் கையேடு லீனை அனுமதிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்ஜினில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே இதே தைரியத்தில் சொல்ல மாட்டேன்.

டேக்-ஆஃபுக்கு மீனம்பாக்கத்தில் முழு ரிச்தான். கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரு ஜக்கூர் விமானத்தளத்திலிருந்து வெயிலில் திரும்பக் கிளம்பும்போது, காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத இன்ஜினுக்கு அதே முழு ரிச் சக்தியைத் தின்னும். அங்கே கையேட்டின்படி கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் த்ராட்டிலைத் தள்ள வேண்டும்.