எங்கள் ஊர்ப் பத்து கிலோமீட்டர்: ஐந்து முறை ஓடியவனின் அனுபவம்

போன வாரம் சிவகாசியிலிருந்து பள்ளிக்கூடத் தோழன் போன் செய்தான். அவனுக்கும் ஐம்பது முடிகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். டாக்டர் நடக்கச் சொன்னால் இவன் ஓடலாமா என்று கேட்கிறான். “எலேய், உங்க கோவில்பட்டி மார்கழி ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கலாம்னு பாக்கேன். நீதான் வருஷா வருஷம் ஓடுதியே. நானூறு ரூவாய்க்குத் தேறுமா?”

இருபது நிமிடம் பதில் சொன்னேன். வைத்த பிறகு யோசித்தால், அதில் பதினெட்டு நிமிடம் தூரத்தைப் பற்றியே புலம்பியிருக்கிறேன். பாவம், அவன் கேட்டது அது இல்லை. எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருப்பேன் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

டி-ஷர்ட், நெஞ்சில் ஊக்கு குத்திய நம்பர், கழுத்தில் பதக்கம், முடிவில் பொங்கல் வடை எல்லாம் எந்த ஊர் ஓட்டத்திலும் உள்ளதுதான். ஐந்தரைக்குத் தொடக்கம் என்று போட்டால் ஆறேகாலுக்குத் தொடங்குவார்கள். சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்க வேண்டும், அவருக்கு முன்னால் நான்கு பேர் பேச வேண்டும். அதுவரை ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக் கையைக் காலை ஆட்டச் சொல்வார்கள். இதற்கெல்லாம் கோபப்படுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். பள்ளிக்கூடப் பையன்கள் வெறுங்காலோடு முதல் கிலோமீட்டரில் நம்மைச் சிட்டாகக் கடந்து போவார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவர்களை நாம் கடப்போம். ஐம்பது வயதில் இப்படிக் கிடைக்கிற சின்னச் சந்தோஷங்களையும் விடக் கூடாது.

சரி, தூரத்துக்கு வருகிறேன்.

முதல் முறை ஓடியது 2018இல். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று. கையில் கடிகாரம் கிடையாது. முடிவுக்கோட்டைத் தாண்டியபோது அங்கிருந்த பெரிய கடிகாரம் 58 நிமிடம் 40 விநாடி காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் பத்து கிலோமீட்டர்! கெட்ட வழக்கங்களோடு இருபது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது என்ன சாதாரண விஷயமா? சான்றிதழை லேமினேட் செய்து ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். வருகிற லாரிக்காரரிடமெல்லாம் சொன்னேன். மைத்துனர் மகள் கல்யாணத்திலும் சொன்னேன்.

அடுத்த வருஷம், ஓடிய தூரத்தைக் காட்டுகிற ஜி.பி.எஸ். கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு அதே பாதையில் ஓடினேன். முடிவுக்கோட்டில் அது 9.64 கிலோமீட்டர் காட்டியது.

கடிகாரம் தப்பாக இருக்கலாமே என்று முதலில் நானே அதன்மேல் பழியைப் போட்டேன். ஆனால் விசாரிக்க விசாரிக்க விஷயம் வேறு மாதிரி போனது. முறையாக அளந்த ஓட்டப்பாதையில் இந்தக் கடிகாரங்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். பாதையை அளக்கும்போது வளைவுகளை ஒட்டி, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியைப் பிடித்து அளப்பார்கள். நாம் அப்படியா ஓடுகிறோம்? தண்ணீர் கொடுக்கிற பக்கம் போவோம், தெரிந்தவரைப் பார்த்தால் அந்தப் பக்கம் போவோம். அதனால் 10.1 என்று காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. 9.64 என்று காட்டினால் எங்கேயோ துணியில் கத்தரி பட்டிருக்கிறது.

நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பேரேட்டில் நாற்பது ரூபாய் இடித்தாலே ராத்திரி தூக்கம் வராது. முந்நூற்றறுபது மீட்டர் இடித்தால் விடுவேனா?

உலகம் முழுக்க ஓட்டப்பாதைகளைச் சைக்கிளில்தான் அளக்கிறார்கள் என்று படித்தேன். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்று ஒரு சின்னக் கருவி. 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்கிற அமெரிக்கர் உருவாக்கியது. இரும்பு டேப்பால் அளந்த ஒரு நேர்ச்சாலையில் முதலில் ஓட்டி, சக்கரம் இத்தனை சுற்றுக்கு இத்தனை மீட்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதையை அளந்து முடித்ததும் திரும்பவும் அதே நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் டயருக்குள் காற்று விரியும், சுற்றளவு மாறும், கணக்கு மாறும். இவ்வளவும் செய்த பிறகு, குறைந்துவிடக் கூடாதே என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கொசுறு சேர்ப்பார்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்து மீட்டர் கொசுறு. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மளை மாதிரி ஆட்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஜோன்ஸ் கவுண்டருக்கு நான் எங்கே போவேன்? மகனுடைய சைக்கிளில் சக்கரச் சுற்றை எண்ணித் தூரம் காட்டுகிற காந்த மீட்டர் ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். கட்டட வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் முப்பது மீட்டர் இரும்பு டேப்பைக் கடன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சாலையோரம் முந்நூறு மீட்டரைச் சாக்பீஸால் குறித்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மகன், தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பயந்தபடியே இருந்தான். நான்கு முறை ஓட்டி மீட்டரைச் சரிசெய்துவிட்டு முழுப் பாதையையும் ஓட்டினேன். 9.65.

அப்படியானால் 2018இல் நான் ஓடியதும் அதே 9.65தானே? கணக்குப் போட்டேன். அன்று ஓடிய வேகத்தில் முழுப் பத்தையும் ஓடியிருந்தால் 60 நிமிடம் 47 விநாடி சொச்சம் ஆகியிருக்கும். அன்று ராத்திரி மேஜைக் கண்ணாடியைத் தூக்கிச் சான்றிதழை வெளியே எடுத்தேன். கிழிக்கவில்லை. டிராயருக்குள் போட்டேன்.

ஓட்டத்தை நடத்துகிறவர்களில் மூத்தவரான ஓர் அண்ணாச்சியிடம் பேப்பரோடு போய் நின்றேன். அவர் பைக் மீட்டரை வைத்து அளந்திருக்கிறார். பைக் மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும், டயர் தேயத் தேய இன்னும் கூட்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். காபி வரவழைத்தார். அப்புறம் சொன்னார்: “முந்நூறு மீட்டர் கம்மின்னா ஓடுதவங்களுக்கு லாபந்தானே அண்ணாச்சி? கூட இருந்தால்லா கோவப்படணும்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி என்று பெயரைப் போட்டு விற்றால் உள்ளே இருப்பதும் கோவில்பட்டிச் சரக்காக இருக்க வேண்டும் என்பதற்குத்தானே அந்தக் குறியீடு? அதே ஊரில் பத்து என்று அச்சடித்துவிட்டு ஒன்பதே முக்காலைக்கூடத் தொடாமல் கொடுக்கிறார்கள்.

கொரோனாவால் இரண்டு வருஷம் ஓட்டம் இல்லை. 2022இல் திரும்ப வந்தபோது, என் பேச்சை மதித்துப் பாதையை நீட்டியிருந்தார்கள். எட்டயபுரம் சாலைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். கூம்பை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் குறித்துக் கொடுக்கவில்லை போல. அதைக் கொண்டுபோன பையன் நிழல் பார்த்து வைத்துவிட்டான். முடிவில் என் கடிகாரம் 10.41. பொங்கல் வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல், “இவருதான்யா போய்க் கேட்டாராம்.” ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என் இலையில் வடையை வைக்காமலே தாண்டிப் போனார். தற்செயல் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருஷத்தில் இன்னொரு கொடுமை. நான் 62 நிமிடம் 5 விநாடியில் முடித்தேன். 10.41க்கு அது என்றால் முழுப் பத்துக்கு 59:40 கூட ஆகாது. ஆக, நிஜமாகவே ஒரு மணி நேரத்துக்குள் பத்து ஓடியது அந்த வருஷம்தான். அதற்கான சான்றிதழில் இருப்பது 62:05. பொய்யான 58 லேமினேட் ஆகி டிராயரில் கிடக்கிறது. இதை மனைவியிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். “அரிசி ஊறப் போட்டுட்டீங்களா?” என்றாள்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். நம் ஊர் அண்ணாச்சிகள்தான் இப்படி என்று இல்லை. 1981இல் நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சாலசார் உலகச் சாதனை வேகத்தில் ஓடினார். பிறகு அளந்து பார்த்தால் பாதையில் சுமார் 150 மீட்டர் குறைகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை மூன்று வருஷம் 380 மீட்டர் குறைவாக ஓடவிட்டிருக்கிறார்கள். 2021இல் பிரைட்டனில் 568 மீட்டர் கூடுதல். காரணம்? கூம்பை இடம் மாற்றி வைத்தது! இதைப் படித்த அன்று எங்கள் கூம்புப் பையனை மனதார மன்னித்தேன். ஆனால் பிரைட்டனில் நடத்தியவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். “லாபந்தானே” என்று கேட்கவில்லை.

அதற்கடுத்த ஓட்டம் 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டும். அந்த மாதம் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டம் பார்த்த மழையைத்தான் எல்லோரும் அறிவார்களே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஓட்டத்தை ஜனவரிக்குத் தள்ளி, அரித்துப்போன சாலையை விட்டுவிட்டு வேறு வழியில் விட்டார்கள். மைக்கில் “சுமார் பத்து கிலோமீட்டர்” என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. அந்த “சுமார்” எனக்குப் பிடித்திருந்தது.

2024இல் கடிகாரம் 10.06 காட்டியது. அப்பழுக்கில்லாத தூரம். அந்த வருஷம் பார்த்து எனக்கு ஏழாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மீதியை நொண்டி நொண்டி நடந்து 74 நிமிடத்தில் வந்து சேர்ந்தேன். மைக்கில் அண்ணாச்சி, “தூரம் சரியா இருக்கான்னு நம்ம கணக்கு அண்ணாச்சியக் கேட்டுக்கிடுங்க,” என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இவ்வளவு எழுதிய பிறகு கோலத்தெருவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். நான்காவது கிலோமீட்டர் தாண்டியதும் பாதை ஒரு குறுகிய தெருவுக்குள் நுழையும். மார்கழி மாதம், பொழுது அப்போதுதான் வெளுத்திருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் வாசலை நிறைத்து, பாதிச் சாலை வரைக்கும் கோலம். நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ. நாங்கள் இருநூறு பேர் திமுதிமுவென்று உள்ளே நுழைவோம். சொல்லி வைத்ததுபோல எல்லோரும் வேகத்தைக் குறைத்து, நடுவில் மிச்சமிருக்கிற ஒற்றையடிப் பாதையில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகிவிடுவோம். போட்டி போட்டுக்கொண்டு முன்னால் போகிற கல்லூரிப் பையன்கள்கூட அங்கே முந்துவதில்லை. கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஒரு ஆச்சி வாசலில் காவல் நிற்பார். “பாத்து ஓடுங்கய்யா, இன்னும் கலர் போட்டு முடிக்கல!” ஒரு வருஷம் ஒரு பயல் குறுக்கே பாய்ந்து மயில் கழுத்தை மிதித்துவிட்டான். அந்த வீட்டு அம்மா தெருமுனை வரை அவனைத் துரத்தினார். சேலையைச் செருகிக்கொண்டு அவர் ஓடிய வேகத்துக்குப் பெண்கள் பிரிவில் பரிசே கொடுத்திருக்கலாம்.

அந்தத் தெருவில் எனக்கு இருபது விநாடியாவது போய்விடும். ஐந்து ஓட்டத்திலும் போனது. இத்தனை நாளில் அந்த இருபது விநாடியை நான் எந்தக் கணக்கிலும் கழித்ததில்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

முடிவில் கருப்பட்டி போட்ட சுக்குக் காபியும் கடலை மிட்டாயும் தருவார்கள். வியர்வை காயாத கையில் மிட்டாயை வாங்கி, கடித்து, மேலே அந்தக் காபியை ஊற்றினால், அதற்குமேல் ஒரு மருந்து இல்லை. என் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.4லிருந்து 5.9க்கு இறங்கியதும் உண்மை. ஓடியதாலா, ராத்திரிப் பரோட்டாவை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல டாக்டராலேயே முடியவில்லை. திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போது மட்டும் பக்கவாட்டாக இறங்க வேண்டியிருக்கும்.

ஆக, தோழன் கேட்ட கேள்விக்குப் பதில்: தேறாது. நானூறு ரூபாய்க்குப் பத்து கிலோமீட்டர் என்று விற்கிறார்கள். ஐந்து முறை வாங்கியதில் ஒரே ஒரு முறைதான் எடை சரியாக இருந்தது. நேற்று ஒட்டிய போஸ்டரைப் பார்த்தேன். இந்த வருஷம் பாதை திரும்பவும் மாறுகிறதாம். யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. கடைக்காரர் தராசையே காட்டாமல் பொட்டலம் கட்டினால் வாங்குவாயா? பேரைக் கொடுக்காதே. அந்தக் காசுக்குச் சிவகாசியிலேயே நல்ல காலுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு உங்கள் தெருவில் ஓடு.

மீறிக் கொடுப்பதாக இருந்தால் டி-ஷர்ட்டுக்கு டபுள் எக்ஸ்எல் என்று எழுது. அவர்கள் எக்ஸ்எல் நம் தொப்பைக்கு ஏறாது. முந்தின நாள் ராத்திரியே வந்து என் வீட்டில் படுத்துக்கொள். இரும்பு டேப்பின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும், மகன் இப்போது சென்னையில் இருக்கிறான்.