பழைய பற்களோடு புதிய டிஃப்: கேரியர் மாற்றமா, ஸ்க்ராப்யார்டு டிஃபா?

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்போர், பின் டிஃப் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) பழுதானதும் இரண்டு யோசனைகளையே கேட்க நேரிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கிரவுன் வீலையும் (பெரிய பல்சக்கரம்) பினியனையும் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) வைத்துக்கொண்டு, கிரவுன் வீலைத் தாங்கும் கூடான கேரியரை மட்டும் மாற்றுவது ஒன்று. ஸ்க்ராப்யார்டிலிருந்து பல்சக்கரங்கள் பூட்டிய முழு டிஃபையே வாங்கி மாட்டுவது மற்றொன்று. பத்து நட்டுகளைக் கழற்றி மாட்டினால் அன்று மாலையே வண்டி ஓடும் என்பதால் பலர் இரண்டாவதையே நாடுகிறார்கள். பற்கள் நன்றாக இருக்கும் வண்டிக்கு அது வீண்வேலை என்பது என் கருத்து.

முதல் சிக்கல் பல் விகிதம், அதாவது கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண். இந்த 8 அங்குல டிஃப் 4.10, 4.30, 4.556, 4.875 எனப் பல விகிதங்களில் வந்துள்ளது; வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. இருசக்கர இயக்க வண்டியில் வேகமானி தவறாகக் காட்டுவதும் எஞ்சின் சுழற்சி மாறுவதுமே விளைவு. நான்கு சக்கர இயக்க வண்டியிலோ, முன்னே 4.10 இருக்கப் பின்னே 4.30 வந்துவிட்டால், ஏறத்தாழ 5 சதவீத வேறுபாட்டில் இரு அச்சுகளும் ஒன்றையொன்று இழுக்கும். லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய்ப் பாதைக்காக நான்கு சக்கரத்தையும் இணைப்பவருக்கு இது டிரான்ஸ்ஃபர் கேஸையே (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பலிகேட்கும் செலவாகும்.

கேரியர் மாற்றத்தில் விகிதம் மாறுவதில்லை. பினியன் எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும் என்பதை ஹவுசிங்கும் (வெளிக்கூடு) பினியன் ஷிம்மும் (மெல்லிய தகடு) தீர்மானிக்கின்றனவே தவிர, கேரியர் தீர்மானிப்பதில்லை. ஆகவே பினியன் பேரிங் நலமாக இருந்தால் அதைத் தொடவே வேண்டியதில்லை. பக்கவாட்டு அட்ஜஸ்டர் நட்டுகளால் கேரியர் பேரிங்கின் இறுக்கத்தையும் பல்லிடைத் தளர்வையும் சரிசெய்தால் போதும். புதிய பற்களுக்கு அந்தத் தளர்வு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். ஆனால் பல்லாண்டு சேர்ந்து தேய்ந்த ஜோடி தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டிருக்கும் என்பதால், கழற்றுவதற்கு முன்பே டயல் கேஜால் அளந்து, அதே அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்து, நிறமை தடவிப் பற்களின் தொடுதடத்தைப் பார்ப்பதே சரி. என் பக்கியில் ஒரு பட்டறை தேவையின்றிப் பினியன் நட்டைக் கழற்றி, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும், ஒருமுறை மட்டுமே பயன்படும் நசுங்கிய ஸ்லீவையே மீண்டும் போட்டு இறுக்கியது. ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது டிஃப் ஊளையிடத் தொடங்கியதும்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

வாங்கும் கேரியர் 30 பல் ஸ்ப்ளைனுக்கு (அச்சுத் தண்டின் முனையிலுள்ள வரிப்பற்கள்) உரியதாக இருக்க வேண்டும். வி6 எஞ்சின் வண்டிக்கான கேரியரின் பேரிங் பெரிது, நான்கு சிலிண்டர் ஹவுசிங்கில் அமராது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும், கிளட்ச் தட்டுள்ள லிமிடெட் ஸ்லிப் வகைக்கு அதற்குரிய சேர்மம் கலந்த எண்ணெய் தேவை. கரும்புத் தோட்டச் சேற்றில் இரு சக்கரங்களையும் தானாகவே ஒன்றாகப் பூட்டும் தானியங்கி லாக்கருக்கு ஈடில்லை என்றாலும், மழையில் நனைந்த தாரில் வளைவு திரும்பும்போது அது வண்டியைத் தள்ளிவிடும். நகரில் ஓட்டுபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பல் உடைந்திருந்தாலோ, எண்ணெய் வற்றிச் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ முழு டிஃப் வாங்குவதைத் தவிர வழியில்லை. அப்போதும் கிரவுன் வீலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பற்களை எண்ணுங்கள்: கிரவுன் வீலில் 41, பினியனில் 10 என்றால் 4.10; கிரவுன் வீலில் 43, பினியனில் 10 என்றால் 4.30. அதன் பிறகு பணத்தை எடுங்கள்.