செமஃபோரும் நானும்: எல்லாத் தலைவலியும் முதல் வரியில்தான்

சி மொழியில் த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) வைத்து எழுதத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1960களில் முன்வைத்த செமஃபோர், அதாவது த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் கருவி, இன்றும் அதே எளிமையோடு இருக்கிறது: ஓர் எண், குறைக்க ஒரு வழி, கூட்ட ஒரு வழி; எண் 0 என்றால் குறைக்க வரும் த்ரெட் காத்திருக்கும். என்னைப் படுத்தியது எண்ணைக் குறைக்கும் செம்-வெயிட்டும் அல்ல, கூட்டும் செம்-போஸ்ட்டும் அல்ல. அவற்றுக்கு முன்னால் ஆரம்ப எண்ணை வைத்து ஒரே வரியில் முடிந்துபோகும் செம்-இனிட்தான்.

ஆரம்பத்தில் அந்த வரியை த்ரெட் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தேன். நாலு த்ரெட், எல்லாம் ஒரே கவுன்ட்டரைக் கூட்டுபவை. ஒன்று உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து மதிப்பை மறுபடி 1 ஆக்கிவிடும். பூட்டிய கதவு தானாகத் திறந்த கதைதான். கவுன்ட்டர் எப்போதாவது சில எண்கள் குறைவாக வரும். கண்டுபிடிக்கலாம் என்று பிரின்ட்எஃப் (திரையில் எழுதிக் காட்டும் ஃபங்ஷன்) போட்டால் பிழை ஒளிந்துகொள்ளும். இரண்டு நாள் போனது. ஏற்கெனவே தொடங்கிய செமஃபோரை மறுபடி தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை என்று மேனுவலிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ப்ரோக்ராம் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில், த்ரெட்களை உருவாக்கும் முன் ஒரே முறை அழைத்ததும் சரியாகிவிட்டது.

செம்-இனிட்டுக்குக் கொடுக்கும் இரண்டாவது ஆர்க்யுமென்ட் பெரும்பாலும் 0தான். வேறு ப்ராசஸும் (தனியாக ஓடும் ப்ரோக்ராம்) பகிர வேண்டுமானால் 1 போடலாம், ஆனால் செமஃபோரே இரண்டும் பார்க்கக்கூடிய ஷேர்டு மெமரியில் இருக்க வேண்டும்.

மூன்றாவதில், அதாவது ஆரம்ப எண்ணில்தான் யோசிக்க வேண்டும். "இப்போது கையில் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்வேன். பத்து இடம் உள்ள பஃபர் (ஒரு த்ரெட் எழுதி இன்னொன்று படிக்கும் இடம்) என்றால், இரண்டு செமஃபோர்: காலி இடங்களுக்கு 10, நிரம்பியவற்றுக்கு 0. ஒருமுறை பழக்கதோஷத்தில் நிரம்பியவற்றின் செமஃபோருக்கு 1 போட்டுவிட்டேன். எழுதப்படாத இடத்திலிருந்து குப்பையை எடுத்துப் படித்தது.

மேக்ஓஎஸ்ஸில் கம்பைல் செய்தபோது வந்தது வெறும் எச்சரிக்கை. ஓட்டினால் செம்-இனிட் -1 திருப்புகிறது; அது உருவாக்கும் பெயரில்லாத செமஃபோர் அங்கே கிடையாது. திரும்பும் மதிப்பைப் பார்க்காததால் த்ரெட்கள் பூட்டே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பெயருள்ள செமஃபோரைத் திறக்கும் செம்-ஓப்பன் அல்லது ஆப்பிளின் டிஸ்பேட்ச் செமஃபோருக்கு மாறிக்கொண்டேன்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழைய வேண்டும் என்றால் இப்போதெல்லாம் மியூடெக்ஸ்தான் (பூட்டிய த்ரெட்டே திறக்க வேண்டிய பூட்டு). செமஃபோருக்கு உரிமையாளர் இல்லை, யார் வேண்டுமானாலும் போஸ்ட் செய்யலாம். ஆனால் சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளிருந்து (சிக்னல் வந்ததும் ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் ஃபங்ஷன்) தூங்கும் த்ரெட்டை எழுப்ப வேண்டுமென்றால் இன்னும் செம்-போஸ்ட்டைத்தான் நம்புகிறேன். மியூடெக்ஸை அங்கே தொடக்கூட முடியாது.