சிறுவர் சந்தையும் குளக்கட்டுப் பயணமும்: எங்கள் ஊர் ஆரம்பப் பாடசாலை

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், தரம் 1 முதல் 5 வரை மட்டுமே உள்ள சிறிய பாடசாலையில் என் மகள் தரம் 3 இல் படிக்கிறாள். பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று அயலவர் பலர் கேட்பதால், கடந்த ஓராண்டில் அங்கு நேரில் பார்த்த நிகழ்வுகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது சிறுவர் சந்தை. மாரி மழையோடு விதைக்கும் காலபோக நெல்லின் அறுவடை முடியும் மாசி மாதத்தில் அது நடந்தது. கிடுகு வேய்ந்த பந்தலின் கீழ் முருங்கைக்காய், பயற்றங்காய், பனங்கிழங்கு, அவித்த கச்சான், வீட்டுத் தயிர் எனப் பிள்ளைகள் தங்கள் வளவிலிருந்து கொண்டுவந்தவற்றையே பரப்பி வைத்திருந்தனர். கச்சான் விற்ற சிறுவனிடம் ஒரு சுண்டு (சிறு அளவுப் பேணி) எண்பது ரூபாய் வீதம் இரண்டு சுண்டு வாங்கி, ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவன் வகுப்பில் படித்தபடி கடன் வாங்கிக் கழிக்கவில்லை; நூற்றறுபதுக்கு மேல் நாற்பதை வைத்து இருநூறு என்றான், அதற்கு மேல் மூன்று நூறு ரூபாய்த் தாள்களை வைத்து ஐந்நூறு என்றான். கடைக்காரர் மிச்சம் கொடுக்கும் முறை இதுதான் என்பதையும், அதுவும் கழித்தலே என்பதையும் மறுநாள் கணித பாடத்தில் ஆசிரியை கரும்பலகையில் விளக்கியதாக மகள் சொன்னாள். பாடநூலில் கிலோகிராமும் லீற்றரும் இருக்க, சந்தையில் அம்மம்மாக்களின் பழைய அளவைகளான சுண்டும் கொத்தும் புழங்கியதை ஆசிரியைகள் தடுக்காமல், இரண்டையும் அருகருகே வைத்து அளக்கச் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு குறையும் உண்டு. பத்து மணிக்குப் பிறகு பல கடைகளில் பெற்றோரே அமர்ந்து விலை பேசத் தொடங்கிவிட்டனர். பிள்ளைகள் பின்னால் நின்று பை பிடித்துக்கொண்டிருந்தனர். போரில் இடம்பெயர்ந்து, தறப்பாள் கொட்டில்களில் படித்த தலைமுறைக்கு இப்படியொரு நாள் வாய்த்ததில்லை என்பதால் அவர்களின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. நானும் ஒரு தடவை தராசைக் கையில் எடுத்தவன்தான். ஆயினும் விற்பனை மேசைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் வரக்கூடாது என்று ஒரு கயிறு கட்டினால் நல்லது.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்காக, கோடைகாலப் பயிரான சிறுபோகத்துக்கு நீர் திறந்த நாட்களில் பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றனர். வாய்க்காலுக்கு நீர் விடும் துருசு எது, மிகை நீரை வெளியேற்றும் வான்கதவு எது, கனகராயன் ஆறு எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது என்பதையெல்லாம் அங்கு நின்ற கமக்காரர் ஒருவரே சொல்லிக் கொடுத்தார். வாய்க்காலில் ஒரு மருத இலையை மிதக்கவிட்டு, அது அடுத்த மதகைச் சேரும்வரை எண்ணிக்கொண்டு ஓடிய விளையாட்டைப் பற்றி மகள் ஒரு கிழமை பேசிக்கொண்டிருந்தாள். எல்லா நிகழ்வுகளிலும் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுவே என்பது என் கணிப்பு. ஐம்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள் என்பது மட்டும் நீர்நிலைக்குப் போதாது. அடுத்த முறை பெற்றோர் சிலரை உடன் அழைக்க வேண்டும்.

விளையாட்டு விழாவில் தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், யானைக்குக் கண் வைத்தல் ஆகியன வழமைபோல் சிரிப்பை மூட்டின. ஆனால் விருந்தினர் மாலை மரியாதையும் உரைகளும் முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆகியது. தரம் 1 பிள்ளைகள் அதுவரை வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஒரு சிறுமி மயங்கும் நிலைக்கு வந்த பின்னரே நிழலுக்குப் போக விட்டனர். இதை அதிபரிடம் நேரில் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

இன்னொன்று, தரம் 5 பிள்ளைகள் குளக்கட்டுக்கு வரவேயில்லை. தரம் 5 இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்காக அவர்கள் வகுப்பறையில் மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருந்தார்கள். தரம் 4 வரை பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்லும் பாடசாலை, கடைசி ஆண்டில் மட்டும் கதவைச் சாத்துவது ஏன் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது, பெரும்பாலான பெற்றோர் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்கள்.

பிள்ளையைச் சேர்க்கலாம், தயக்கமின்றிச் சொல்வேன். சந்தைக்கு வர விரும்புவோர் ஒன்பது மணிக்கு முன்னரே வந்து, சில்லறைக் காசு கொண்டுவராமல் தாள்களை நீட்டுங்கள். மிச்சம் எண்ணப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். பனங்கிழங்கு பத்து மணிக்குள் முடிந்துவிடும்.