உடலமா, திரையா, ஸ்கேனா?

மூன்றாம் வருடம், வோர்ட்டுக்குப் போன முதல் கிழமை. ஒரு சீ.ரி. ஸ்கேன் படத்தைக் காட்டி, "வலது சிறுநீரகம் எது?" என்று கேட்டார் கன்சல்டன்ட். அதே உறுப்பை டிசெக்ஷனில், இறந்தவர் உடலை வெட்டிப் படிக்கும் வகுப்பில், கையில் தூக்கிப் பார்த்தவன் நான். நம்பிக்கையோடு படத்தின் வலது பக்கத்தில் விரலை வைத்தேன். அவர் ஏசவில்லை. "கட்டிலின் கால்மாட்டில் நின்று தலைப்பக்கம் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளும்," என்றார். அப்போதுதான் விளங்கியது: சீ.ரி. படத்தில் நோயாளியின் வலம் நமக்கு இடம். உடற்கூற்றியல் சோதனையில் நல்ல புள்ளியோடு பாஸான எனக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு முன் சில மாதம், அந்த வகுப்பில் மாணவருக்குக் காட்டிக்கொடுக்கும் டெமொன்ஸ்ட்ரேட்டராகவும் இருந்தேன். கொழும்பில் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கையர் அப்போது கேட்டதையே இப்போதும் கேட்கிறார்கள்: பொடி (நாங்கள் உடலத்தைச் சொல்வது அப்படித்தான்) வெட்டத்தான் வேண்டுமா, உடலைப் படமாகக் காட்டும் பெரிய தொடுதிரை மேசை வந்தால் போதாதா?

பொடியின் குறைகளிலிருந்தே தொடங்கலாம். உடல் கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் கண்ணை எரிக்கும். பகல் சாப்பாட்டில் கை வைத்தாலும் விரலில் அந்த மணம் நிற்கும். அதிலுள்ள ஃபோர்மல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அறிவித்தது. அதில் ஊறிய தசை விறைத்துச் சாம்பல் நிறமாகிவிடும். உயிருள்ள வயிற்றுக்குள் எல்லாம் வழுக்கும், துடிக்கும், இரத்தம் கசியும். முதல் தடவை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் நின்றபோது எதுவும் அடையாளம் தெரியவில்லை எனக்கு.

ஆனாலும் பொடி ஒன்றைச் செய்யும். ஐந்து மேசையில் ஐந்து உடல் கிடந்தால் ஐந்தும் ஐந்து விதம். கல்லீரலின் வலப்பக்கத்துக்குப் போகும் தமனி, புத்தகத்தில் சொன்ன கிளையிலிருந்து வராமல் குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளம்பி வருவதை ஒரு மேசையில் காணலாம். பித்தப்பையை எடுக்கும் சர்ஜனுக்கு அது விளையாட்டில்லை. விலா எலும்பின் கீழ்விளிம்பில் நரம்பும் இரத்தக் குழாய்களும் பதுங்கி ஓடுவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவன், நெஞ்சுக்குள் குழாய் போடும்போது அந்த விளிம்பை விட்டு, கீழே இருக்கும் விலாவின் மேல்விளிம்பை ஒட்டித்தான் போவான். மனப்பாடம் செய்தவனும் அப்படித்தான் செய்வான். இரவு இரண்டு மணிக்கு எனக்கு முதலாமவன்மேல்தான் நம்பிக்கை.

திரை மேசைக்கு மணமில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம், ஒரு நரம்பை மட்டும் நிறமூட்டிப் பார்க்கலாம். மண்டையோட்டின் துளைகளைப் படிக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: இந்தத் திரைகள் பலவற்றுக்குள்ளும் இருப்பது ஒரு பொடிதான். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் ஓர் ஆணின் உடலை 1 மில்லிமீற்றர் துண்டுகளாகச் சீவிப் படமெடுத்து வெளியிட்டது. அடுத்த வருடம் ஒரு பெண்ணின் உடலை 0.33 மில்லிமீற்றராக. பின்னால் வந்த எத்தனையோ மென்பொருட்கள் அந்த இருவரிலிருந்து பிறந்தவை. ஆகத் திரையில் எல்லோரும் பெரும்பாலும் அதே சில ஆட்களையே படிக்கிறோம். வோர்ட்டில் வந்து படுப்பவர் அவர்களில் ஒருவர் இல்லை. அப்புறம், மென்பொருளுக்கு வருடாவருடம் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் ஒரே நாளில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது, மறக்கவேண்டாம்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். கையடக்க அல்ட்ராசவுண்ட். கூடப் படிப்பவனைப் படுக்கவைத்துக் கழுத்தில் ஜெல் பூசி, அல்ட்ராசவுண்டின் கைப்பிடிக் கருவியான புரோபை வையுங்கள். இரண்டு கரிய வட்டங்கள் தெரியும். மெல்ல அழுத்தினால் ஒன்று சப்பளிந்து போகும், மற்றது துடித்துக்கொண்டே நிற்கும். முதலாவது இதயத்துக்கு இரத்தம் திரும்பும் நாளம், இரண்டாவது இதயத்திலிருந்து வரும் தமனி. கழுத்து நாளத்துக்குள் மருந்தேற்றும் குழாய் (லைன்) போடும் டொக்டர் செய்வதும் இதைத்தான். பித்தப்பையைத் தேடினால் இன்னும் வேடிக்கை. வெறும் வயிற்றோடு வந்தவனுக்கு அது பேரிக்காய் போல நிறைந்திருக்கும். பால்சொதியும் இடியப்பமும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தவனுக்குச் சுருங்கிக் கிடக்கும். கொழுப்பு உள்ளே போனால் பித்தம் வெளியே போகவேண்டும் அல்லவா. இதைப் பொடியும் காட்டாது, திரையும் காட்டாது. குறையும் உண்டு: எலும்புக்கும் காற்றுக்கும் பின்னால் அதற்குக் கண் தெரியாது. பக்கத்தில் தெரிந்தவர் நிற்காவிட்டால் திரையில் தெரிவது வெறும் மழைமேகம்.

சரி, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? தானமாக வரும் உடல்களைக் கைவிடமாட்டேன். தொடுதிரை மேசையைத் தள்ளிப்போட்டு இரண்டு மூன்று புரோப் வாங்குவேன். அதைவிட முதலில், காசே தேவைப்படாத ஒன்றைக் கேட்பேன்: கிழமைக்கு ஒரு மணிநேரம் ஸ்கேன் படம் வாசிக்கும் ஒரு ரேடியோலஜிஸ்டோ சர்ஜனோ டிசெக்ஷன் ஹோலுக்கு வரவேண்டும். கின்சி வீதியில் மருத்துவ பீடத்துக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் இடையில் நடக்கிற தூரம்தான். வயிறு வெட்டும் கிழமையில் வோர்ட்டில் கிடக்கும் ஒரு வயிற்றின் சீ.ரி.யை மேசையருகே மாட்டி, கால்மாட்டில் நின்று பார்க்கச் சொன்னால் என்னைப்போல் யாரும் விரலைத் தவறாக வைக்கமாட்டார்கள்.

படத்தின் மூலையிலிருக்கும் நோயாளியின் பெயரை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் பெயரோடு சுற்றும் ஸ்கேன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.