காது மடலில் நாலரை ஆண்டு டைட்டேனியம்: என் அனுபவம்

என் இடது காதின் மேல் மடலில், விளிம்பை ஒட்டி, ஒரு சின்ன வெள்ளிநிற உருண்டை இருக்கிறது. 2021 பிப்ரவரியில் குத்தியது. உள்ளே 6 மில்லிமீட்டர் தண்டு, பின்னால் தட்டையான வட்டம், முன்னால் 3 மில்லிமீட்டர் உருண்டை. இந்த நாலரை ஆண்டில் அதைக் கழற்றியது மூன்றே தடவை. பல நாள் அது அங்கே இருப்பதே நினைவுக்கு வராது.

ஆனால் இதே காதில் அதற்கு முன் ஒரு தடவை குத்தி, புண்ணாகி, டாக்டரிடம் ஓடியவள் நான். காது அதே காதுதான், தோலும் அதே தோல்தான். மாறியவை போட்ட உலோகம், தண்டின் நீளம், அப்புறம் என் கை. "எனக்குக் காது குத்தினால் ஆறவே ஆறாது, என் உடம்பு அப்படி" என்று சொல்லும் பெண்கள் என் அலுவலகத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை 2019 டிசம்பர். ஒரு கல்யாணத்துக்கு முந்தின வாரம், கடைத்தெருவில் இருந்த ஓர் அழகு நிலையத்தில் துப்பாக்கி மாதிரியான கருவியை வைத்து ஒரே அழுத்து. கம்பி உள்ளே போனது, பின்னால் வண்ணத்துப்பூச்சி வடிவக் கொக்கி இறுக்கமாகப் பூட்டிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் மேல் மடல் முழுக்கச் சிவந்து, தொட்டால் சுட்டது. தலையணையில் காது பட்டால் கண்ணீர் வந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்ததும் சொன்னார், "மடல் மட்டும் வீங்கியிருக்கு, கீழே சோணை அப்படியே இருக்கு பாருங்க. இது மேல்தோல் புண் இல்லம்மா." குருத்தெலும்பைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது, அந்த உறையிலிருந்துதான் அதற்குச் சத்துப் போகிறது. உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கட்டினால் குருத்தெலும்பு செத்து, காது சுருங்கிப்போகும். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு இந்த இடம் தோது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து, கம்பியையும் அவரே கழற்றிவிட்டார். இன்னும் இரண்டு நாள் மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இப்போதும் நினைப்பேன்.

துப்பாக்கியின் கோளாறு என்ன என்று பிறகுதான் புரிந்தது. அதில் இருக்கும் கம்பியின் முனை ஊசி முனை கிடையாது, மழுங்கல். சதையைக் கிழித்துக்கொண்டுதான் போகும். சோணை மெத்தென்றிருப்பதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குருத்தெலும்பு நசுங்கும். கருவியின் உடல் பிளாஸ்டிக் என்பதால் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் பெட்டியில், வைக்க முடியாது. போதாததற்குக் கம்பி ஒரே நீளம், வீக்கத்துக்கு இடமே விடாது.

மேல் மடலில் குத்துவது புதுசான ஃபேஷன் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். என் அப்பத்தா கீழே தண்டட்டியும் மேலே கொப்பும் முருகும் போட்டிருந்தவர். ஆசாரி கூரான கம்பியால் கையாலேயே குத்தினாராம். முனை கூர், குத்தியது தங்கம், குத்திய பிறகு அதை யாரும் நோண்டவில்லை. அந்த மூன்று விஷயங்களில் இரண்டை நாம் நடுவில் தொலைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, பழைய தழும்பிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டாம் தடவை குத்தினேன். கோவையில், ஊசியால் மட்டும் குத்தும் ஓர் இடம். அந்தத் தம்பி என் முன்னாலேயே உறையைப் பிரித்தார். உறையின் மேல் இருந்த பட்டை நிறம் மாறியிருந்ததைக் காட்டி, ஆட்டோகிளேவில் போய்வந்ததற்கு அதுதான் அடையாளம் என்றார். ஊதா மையால் புள்ளி வைத்து, "அக்கா, கண்ணாடியில நல்லா பாத்துக்குங்க, பொறுமையா சொல்லுங்க" என்றார். இரண்டு தடவை அழித்து வைக்கச் சொன்னேன், முகம் சுளிக்கவில்லை. உள்ளே குழலாக இருக்கும் ஊசி, ஒரு ஆளுக்கு ஒன்று, பிறகு குப்பைக்கு. வலி மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான்.

நகையைத் தேர்ந்தெடுக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. கல்லூரியிலிருந்தே ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில் எனக்கு அரிக்கும். முதல் காதுப்புண்ணுக்குப் பிறகு தோல் டாக்டர் என் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாகப் போட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். நிக்கல் வைத்த சதுரம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இந்த ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். கடைகளில் "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் 316எல் என்ற ஸ்டீல் வகை. அதில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல். நிக்கல் உலோகத்துக்குள் இறுகப் பிணைந்திருப்பதால் ஆறிய துளையில் பலருக்கு ஒன்றும் செய்யாது. பச்சைப் புண்ணில், நிணநீரில் இருபத்து நாலு மணி நேரமும் நனைந்துகொண்டிருப்பது வேறு கதை. ஐரோப்பாவில் சாதாரண நகைக்கு ஒரு வாரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரை நிக்கல் கசியலாம். உடம்பில் குத்தும் தண்டுக்கு அது 0.2 மட்டுமே. சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது.

நான் போட்டுக்கொண்டது ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தரக்குறியீடு உள்ள டைட்டேனியம். எலும்பு முறிவுக்கு உள்ளே வைக்கும் தகடுகளிலும் திருகுகளிலும் இருக்கும் அதே கலவை, 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டேனியம். இணையக் கடைகளில் "ஜி23" என்று போட்டிருப்பதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உலோக ஆலையின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குக் குத்திய இடத்தில் கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். கேள்விக்குக் கோபப்படும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. காந்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். டைட்டேனியமும் ஒட்டாது, 316எல்லும் பெரும்பாலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனையில் பயனில்லை. கையில் வாங்கினால் எடை வித்தியாசம் தெரியும். டைட்டேனியம் ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும்.

இன்னொன்று, மரை. நம் ஊர்த் திருகாணித் தோட்டில் மரை தண்டின் மேலேயே வெட்டியிருக்கும். ஆறாத துளையில் அது ஒரு குட்டி அரம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சதையைச் சீவும், பள்ளங்களில் அழுக்குத் தங்கும். நல்ல குத்துநகையில் மரை தண்டுக்கு உள்ளே இருக்கும், அல்லது மரையே இல்லாமல், முன்பக்க உருண்டையின் பின்னால் ஒரு மெல்லிய ஊசியை லேசாக வளைத்துத் தண்டுக்குள் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். என்னுடையது இரண்டாவது வகை. நாலரை ஆண்டில் ஒரு தடவைகூடத் தானாகக் கழன்றதில்லை. விரல் நகத்தைத் தண்டின் மேல் ஓட்டிப் பார்த்தால் எங்கும் தட்டக்கூடாது, கண்ணாடியில் ஓட்டுவது போல வழுக்கிப் போக வேண்டும்.

அன்று தண்டின் நீளம் 8 மில்லிமீட்டர். இவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்டேன். "வீங்கும்க்கா, அதுக்குத்தான். ஆறு வாரம் கழிச்சு வாங்க, சின்னதா மாத்திடலாம்" என்றார். இரண்டாம் நாளே வீங்கி, அந்த நீளம் முழுக்க நிரம்பிவிட்டது.

பராமரிப்பு என்று நான் செய்தது ரொம்பக் கொஞ்சம். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன், சின்ன பாட்டில். சுத்தமான காஸ் துணியில் நனைத்து, காதின் முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் வைத்திருப்பேன். ஊறிய பொருக்கு தானாக வந்தால் வரும், வராவிட்டால் விட்டுவிடுவேன். பிறகு உலர்ந்த காஸால் ஒற்றி எடுப்பேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. திறந்த பாட்டிலை நாள் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது, திறந்ததும் அதன் சுத்தம் போய்விட்டது. வீட்டில் உப்பைக் கரைத்துக்கொள்ளலாமே என்று அம்மா கேட்டார். அளவு கூடினால் தோல் வறண்டு எரியும், அதனால் வேண்டாம் என்றேன். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் வைக்கவில்லை. அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் சதையையும் கொல்லும்.

அம்மாவோடு உண்மையான தகராறு வேறு விஷயத்தில். "தினமும் ரெண்டு தடவை திருப்பி விடுடி, இல்லன்னா தோலோட ஒட்டிக்கும்" என்று தினம் ஒரு தடவை சொல்வார். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் துளை ஆறும் விதம் அப்படியில்லை. இரண்டு வாயிலிருந்தும் புதுத்தோல் உள்நோக்கி வளர்ந்து, ஒரு குழாய் போல நடுவில் சந்திக்க வேண்டும். திருப்பும்போதெல்லாம் அந்தப் பச்சைத் தோல் கிழியும், வெளியே காய்ந்த பொருக்கும் உள்ளே இழுபடும். சோணை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும், மேல் மடலுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அவ்வளவு மாதமும் தினம் இரண்டு தடவை புண்ணைக் கிழித்தால் எப்படி ஆறும்? மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். ஆறின தோலுக்கு நல்லது, திறந்த துளையில் எண்ணெய் வழியை அடைத்துக்கொள்ளும், மஞ்சள் தூள் மண்ணாகத் தங்கும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எனக்கு விட முடியாத பழக்கம். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் காது பின்னால் குத்தியது. கைக்கண்ணாடியில் பார்த்தால், தட்டையான வட்டத்துக்கும் தோலுக்கும் நடுவில் சீயக்காய்த் துகள்கள் பழுப்பு வளையமாக உட்கார்ந்திருந்தன. அன்று முதல் குளித்து முடித்ததும் கடைசி ஒரு சொம்புத் தண்ணீர் காதுக்கென்று ஒதுக்கினேன், துண்டால் துடைப்பதையும் நிறுத்தினேன். துண்டின் நூல் தண்டில் மாட்டி இழுத்தால் உயிர் போகும். 2021இல் முகக்கவசத்தின் ரப்பர் நாடா பெரிய தொல்லையாக இருந்தது. கழற்றும்போது ஒரு தடவை உருண்டையில் மாட்டி ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு தலைக்குப் பின்னால் கட்டும் வகைதான். இரவில் பயணத் தலையணையின் நடுத் துளையில் காதை வைத்துப் படுத்தேன், அது எட்டு மாதம் தொடர்ந்தது.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஆறாவது வாரம் போகவில்லை. ஊரடங்கு வந்தது, பிறகு சோம்பல். வீக்கம் வடிந்ததும் 8 மில்லிமீட்டர் தண்டு லொடலொடவென்று ஆடியது. ஹெல்மெட் போடும்போது தினமும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஐந்தாம் மாதம் துளைக்குப் பின்னால் பச்சரிசி அளவுக்குச் சிவந்த மேடு. கெலாய்ட், அதாவது அளவுக்கு மீறி வளரும் தழும்பு, என்று பயந்துவிட்டேன். கெலாய்ட் துளையின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குப் படரும், தானாக வடியாது, நம் மாதிரி நிறமுள்ள தோலில் வர வாய்ப்பு அதிகம், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். எனக்கு வந்தது உராய்வு மேடு. 6 மில்லிமீட்டர் தண்டுக்கு மாற்றிய ஐந்தே வாரத்தில் தட்டையாகிவிட்டது. எந்தக் களிம்பும் போடவில்லை. மேட்டுக்குத் தேயிலை மர எண்ணெய், ஆஸ்பிரின் பசை என்று தேடுகிறவர்கள் முதலில் தண்டின் நீளத்தை அளந்து பாருங்கள்.

என் மூக்குத்தி வேறு கதை. 19 வயதில் பத்தர் தங்கக் கம்பியால் குத்தியது, இப்போது 916 தங்கத்தில் ஒற்றைக்கல். நன்றாக ஆறிய துளை என்பதால் திருகாணி அங்கே தொந்தரவில்லை. தங்கம் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள், 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, மூக்குத்தி பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும். அதனால் நம்பிக்கையான பத்தரிடமோ, கேட்டால் முத்திரை போட்டுத்தரும் கடையிலோ வாங்குங்கள். வெள்ளைத் தங்கம் என்றால் நிக்கல் கலந்ததா, பல்லேடியம் கலந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கவரிங்கும் வெள்ளியும் புதுத்துளைக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளி கறுத்து, அந்தக் கறை தோலுக்குள்ளேயே தங்கிவிடும்.

வண்ணம் பற்றி ஒரு வரி. நடுவில் ஒரு வருடம் நீல டைட்டேனியம் உருண்டை போட்டேன். அது சாயம் கிடையாது, மேலே இருக்கும் ஆக்சைடு படலத்தின் தடிமன்தான் நீலமாகத் தெரிகிறது. ஒவ்வாமை ஒன்றும் இல்லை, ஆனால் வருடக் கடைசியில் மங்கிவிட்டது. திரும்ப வெள்ளிநிறத்துக்கே வந்துவிட்டேன்.

ஆறும் காலத்தில் தெளிந்த, காய்ந்தால் வெளிர்மஞ்சளாகும் கசிவு வரும், அது சீழ் இல்லை. பச்சை கலந்த கெட்டியான கசிவு, பரவும் சிவப்பு, சூடு, காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டர். கம்பியை நீங்களாகக் கழற்றிவிட்டுப் போகாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே மாட்டும். கழற்றுவதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.

போன வருடம் கழுத்து வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது, இருந்தாலும் படத்தில் நிழல் விழும் என்று உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். உருண்டையை இழுத்தேன், டக்கென்று வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து போட்டால், மூன்று ஆண்டுக்கு மேல் ஆன துளை அதற்குள் இறுகியிருந்தது. பின்பக்கத்திலிருந்து மெல்ல அழுத்தி உள்ளே நுழைக்கப் பத்து நிமிடம் ஆனது, கை நடுங்கியது. இப்போது பையில் சின்ன ஜிப் கவரில் கண்ணாடித் தண்டு ஒன்று வைத்திருக்கிறேன், அடுத்த ஸ்கேனுக்கு அதைப் போட்டுக்கொண்டே போய்விடலாம்.