எக்ஸ்பாக்ஸ் போர்டைக் கழற்றி 'பிசி ரிசீவர்' என்று விற்கிறார்கள், உஷார்!

பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கன்சோலின் வயர்லெஸ் கன்ட்ரோலர் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டு விளையாடலாம் என்று அதன் சிக்னலைக் கம்ப்யூட்டருக்கு வாங்கித் தரும் ரிசீவர் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் 850 ரூபாய் கொடுத்து 'ரெடிமேட் பிசி ரிசீவர்' ஒன்று வாங்கினேன். இப்போது அது பேப்பர் வெயிட்டுக்குக்கூட லாயக்கில்லை. கடைப் பெயரை எழுதவில்லை. இதே சரக்கு ஆன்லைனிலும் சுற்றுகிறது, அதனால் சரக்கை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. இந்தக் கன்ட்ரோலரில் ப்ளூடூத் கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைக்ரோசாஃப்ட் தனக்கென்று வைத்திருக்கும் முறையில்தான் பேசும். லேப்டாப்பில் இருக்கும் ப்ளூடூத்துக்கு அது கண்ணிலேயே படாது. சார்ஜ் ஒயரைக் குத்தினாலும் பிரயோஜனமில்லை. ப்ளே அண்ட் சார்ஜ் ஒயரில் பேட்டரிக்குக் கரன்ட் போகுமே தவிர டேட்டா போகாது. (அந்த ஒயரையே 'பிசி கேபிள்' என்று தலையில் கட்டும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.) ஆக, ரிசீவர் இல்லாமல் ஆகாது. கன்சோல் தயாரிப்பையே 2016-இல் நிறுத்திவிட்டார்கள், அசல் ரிசீவர் புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இதற்கு மாற்றாக வந்த யோசனைதான் இந்த போர்டு. யோசனையில் தப்பே இல்லை. கன்சோலின் முகப்பில், பவர் பட்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன போர்டு இருக்கும். ஆர்எஃப் மாட்யூல் என்பார்கள். கன்ட்ரோலரோடு பேசும் வேலை அதனுடையது. மெயின் போர்டோடு அது பேசுவதே யுஎஸ்பி வழியாகத்தான். அதனால் தனியாகக் கழற்றி ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் கொடுத்தால் விண்டோஸ் அதை ரிசீவராக ஏற்றுக்கொள்ளும். 2005-இல் வந்த பழைய குண்டு மாடலில் பவர் பட்டனைச் சுற்றி 'சிவப்பு வளையம்' எரிந்து செத்த கன்சோல்களுக்குக் கணக்கே இல்லை. 2007-இல் அதற்காக வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாகிவிட்டது மைக்ரோசாஃப்டுக்கு. அந்தச் சிவப்பு விளக்குகள் எரிந்தது இந்த ஆர்எஃப் போர்டில்தான், ஆனால் கோளாறு இருந்தது மெயின் போர்டில். அதனால் காயலான் கடைக்குப் போன கன்சோலிலும் இந்த போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இனி கடைக்காரர் செய்த வேலைக்கு வருகிறேன். சூடு காட்டினால் சுருங்கி இறுகும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் ட்யூபில் போர்டை இறுக்கமாகச் சுற்றி, ஒரு பக்கம் யுஎஸ்பி ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. தன் கம்ப்யூட்டரில் குத்தினார், தன் கன்ட்ரோலரை எடுத்து நடு பட்டனை அழுத்தினார். வளையத்தில் முதல் கால்பாகம் பச்சையாக எரிந்தது. திரையில் பட்டன்கள் மினுக்கின, ஸ்டிக்கை ஆட்டினால் பிளஸ் குறி ஓடியது. "பாத்துக்குங்க ப்ரோ, பக்கா ஒர்க்கிங்" என்றார். யார்தான் சந்தேகப்படுவார்கள்?

வீட்டுக்கு வந்து குத்தினால் 'அன்னோன் டிவைஸ்' என்றது. இது பெரிய விஷயமில்லை. டிவைஸ் மேனேஜரில் போய் 'எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் ரிசீவர் ஃபார் விண்டோஸ்' டிரைவரை (சாதனத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) நாமே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தனியாக விற்ற அசல் ரிசீவருக்கு அடையாள எண் 0719. கன்சோல் போர்டுக்கும் பல டூப்ளிகேட் ரிசீவர்களுக்கும் 0291 என்று வரும், அதனால்தான் விண்டோஸ் தானாக டிரைவர் போடுவதில்லை. லினக்ஸில் எக்ஸ்பேட் டிரைவருக்கு இரண்டு எண்ணும் தெரியும், அங்கே இந்தத் தொல்லையும் இல்லை.

டிரைவர் போட்டாயிற்று. கன்ட்ரோலரின் மேல் விளிம்பில், சார்ஜ் குத்தும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும், ஜோடி சேர்க்கும் குட்டி சிங்க் பட்டனை அழுத்தினேன். விளக்கு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ரிசீவர் பக்கமும் சிங்க் பட்டன் ஒன்றை அழுத்தினால்தானே இரண்டும் சேரும்? தடவிப் பார்த்தேன், ட்யூபுக்குள் பட்டன் மாதிரி எதுவுமே இல்லை.

சூட்சுமம் இங்கேதான். இந்த போர்டு தானாக சிங்க் ஆகாது. கன்சோலில் சிங்க் பட்டனை அழுத்தினால் மெயின் போர்டு, டேட்டா, கிளாக் என்ற இரண்டு ஒயர் வழியாக 'தேடு' என்று ஒரு சின்னக் கட்டளை அனுப்பும். அப்புறம்தான் போர்டு கன்ட்ரோலரைத் தேடவே ஆரம்பிக்கும். தனியாகக் கழற்றிவிட்டால் அந்தக் கட்டளையை அனுப்ப ஆர்டுயினோ மாதிரி, நாமே புரோகிராம் எழுதிப் போடும் குட்டி போர்டு ஏதாவது வேண்டும். ஆனால் ஒரு தடவை சிங்க் ஆன கன்ட்ரோலர், கரன்ட்டைப் பிடுங்கினாலும் மறக்காது. கடையில் காட்டியது ஏற்கெனவே சேர்த்து வைத்த ஜோடி. அவருடைய கன்ட்ரோலர் அந்த போர்டோடு பேசும், என்னுடையது ஆயுசுக்கும் பேசாது. காட்டிய டெமோ உண்மை, விற்ற சாமான் உபயோகமில்லை. இதில் அவரைப் பொய்யர் என்று பிடிக்கவும் வழியில்லை பாருங்கள்!

இதோடு போகவில்லை. சொருகி வைத்த கொஞ்ச நேரத்தில் ட்யூபைத் தொட முடியாத சூடு. சர்வீஸ் வேலை தெரிந்த நண்பர் ட்யூபைக் கிழித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட், இந்த போர்டு கேட்பது 3.3. நடுவில் வோல்டேஜைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு டயோடு, அதுவும் ஒயரோடு ஒயராக முறுக்கி சால்டர் பொட்டு வைத்தது. மல்டிமீட்டரில் 4.3 காட்டியது. ஒரு டயோடு 0.7 வோல்ட்டைத்தான் தின்னும், மீதி அத்தனையும் போர்டுக்கு. இரண்டு டயோடைத் தொடராகப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு, அப்போதுகூட 3.6 வரும். பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டரைப் போட இவர்களுக்கு மனசு வரவில்லை. நண்பர் அதைப் போட்டுப் பார்த்தார். அதற்குள் போர்டு போய்விட்டிருந்தது. 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்பதற்கு மேல் அசையவில்லை.

திரும்பக் கடைக்குக் கொண்டுபோனால், "சீல் பிரிச்சிட்டீங்களே ப்ரோ, இனிமே எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார். ஹீட் ஷ்ரிங்க் ட்யூபுக்கு சீல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! சிங்க் எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு, "உங்க கன்ட்ரோலர் டூப்ளிகேட்டா இருக்கும்." பில் என்ற பெயரில் தந்தது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்தான், ஆனால் யார் மேல் புகார் என்பதற்கு அந்தச் சீட்டு எந்த ஆதாரமும் ஆகாது. ஜிஎஸ்டி எண் போட்ட பில் தராத இடத்தில் இந்த மாதிரிச் சரக்கை வாங்கவே வாங்காதீர்கள்.

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்றால் உங்கள் கன்ட்ரோலரைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் கன்ட்ரோலர் என்ன வித்தை காட்டினாலும் கண்டுகொள்ளாமல், உங்களுடையதை உங்கள் முன்னால் சிங்க் செய்யச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் எங்கே என்று கேளுங்கள். ட்யூபைத் திறந்து காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள். இன்னொரு கூத்தும் நடக்கிறது. 2010-இல் வந்த ஸ்லிம் மாடலில் வைஃபைக்கென்று தனி போர்டு ஒன்று உண்டு. அதையும் 'எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் மாட்யூல்' என்றே போட்டு விற்கிறார்கள். அது நெட்டுக்கு உள்ளது, கன்ட்ரோலருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஸ்லிம்மின் ஆர்எஃப் போர்டும் வேலைக்கு ஆகும், ஆனால் ஒயர் கொடுக்கும் பின்களின் (pin) வரிசை குண்டு மாடலைப் போல இருக்காது. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றுக்கு ஒயர் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியில் நண்பரே காயலான் கடையில் ஒரு போர்டு வாங்கி, அந்த ரெகுலேட்டரையும் 3.3 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ப்ரோ மினியையும் சேர்த்துச் செய்து கொடுத்தார். என் கன்ட்ரோலர் இரண்டும் உடனே சேர்ந்துகொண்டன, மொத்தம் நான்கு வரை சேர்க்கலாம்.

ஏற்கெனவே இந்தக் கறுப்பு ட்யூப் சரக்கை வாங்கி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பவர்கள் முதலில் அதைப் பிடுங்கி வையுங்கள். ட்யூபைக் கிழித்து, போர்டுக்குள் போகும் பவர் ஒயரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 3.3-க்கு மேலே நாலைத் தொட்டால் ரெகுலேட்டர் போடும்வரை திரும்பக் குத்தாதீர்கள். அதே சமயம் அதோடு ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கன்ட்ரோலரை வேறு எந்த கன்சோலோடும் சிங்க் செய்துவிடாதீர்கள், திரும்ப இந்த போர்டோடு சேர்க்க உங்களிடம் வழி இருக்காது.